நீர் வழிவிடும் நேரம்

தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, மலையின் கிழக்குச் சரிவில் தூறலாகச் சிதறும் ஜூன் முதல் ஆகஸ்டு வரையிலான காலமே குற்றாலத்தின் சாரல் காலமாகும். அக்காலத்தில் பேரருவியின் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழத் தொடங்கினால் குளிக்கத் தடை விதிக்கப்படுகிறது; நெடுந்தொலைவு கடந்து வந்தவர்களோ வந்தும் பயனில்லை என்று சலித்துக்கொள்கிறார்கள். வந்து சேர்ந்துவிட்ட காரணத்தாலேயே ஓர் இடம் மனிதருக்குக் கடமைப்பட்டதாகிவிடுமா என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி.

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள லிண்டிஸ்பார்ன் ஓர் ஓதத் தீவு. அதாவது, கடல் வற்றும்போது கரையோடு சேர்ந்தும் பெருகும்போது தனித்தும் நிற்கும் நிலம். அங்குள்ள 16ஆம் நூற்றாண்டுக் கோட்டையை வசிப்பிடமாக மாற்றியமைத்தவர், பின்னாளில் புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ். தீவுக்குச் செல்லும் சாலை நாளுக்கு இருமுறை மூழ்குவதால், கடக்கத்தக்க நேரங்கள் முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றன. கோட்டையைக் காண விரும்புபவர் தம் நாளைக் கடலின் கணக்குக்கு இசைய வகுத்துக்கொள்கிறார். பிரான்சிலோ, மோன் சாங் மிஷேல் என்னும் ஓதத் தீவைச் சுற்றி, 1879இல் போட்ட கரைச்சாலையால் வண்டல் சேர்ந்து அது நிலத்தோடு ஒட்டிவிடும் நிலை வந்தபோது, நீர் அடியில் ஓடும் பாலத்தை 2014இல் திறந்து, அச்சாலையை அகற்றினார்கள். எளிதாக்கிய வழியைத் தாமே நீக்கி, கடலுக்கு அதன் இடத்தைத் திருப்பித் தந்த அச்செயல் போற்றத்தக்கது.

இத்தகைய இசைவு தென்பாண்டி நாட்டுக்குப் புதிதன்று. நெல்லையில் தாமிரபரணியின் நடுவே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில், வெள்ளம் வருமுன் உற்சவர் திருமேனியைக் கரையிலுள்ள கோயிலுக்கு எழுந்தருளச் செய்து, நீர் வடிந்தபின் வண்டலை வாரிக் கழுவி மீண்டும் வழிபாடு நடத்துகிறார்கள். 2023 டிசம்பர்ப் பெருவெள்ளத்திலும் அக்கோயில் மூழ்கி எழுந்தது. ஆற்றை விலக்கிவிட்டுக் கோயிலைக் காக்க எவரும் முனையவில்லை.

குற்றாலத்தில் நீர் பெருகுவது மட்டுமன்றி வற்றுவதும் ஒரு காட்சியைத் தருகிறது. கோடையில் வருவோர் அருவி இல்லை என்று திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பேரருவிப் பாறையில் செதுக்கப்பட்ட சிவலிங்கங்கள் தெளிவாகத் தென்படுவது அப்போதுதான். பெருக்கின்போது நேரும் ஆபத்தோ உயிரைத் தொடுவது. வெயில் காயும் அடிவாரத்தில் நிற்பவருக்கு மலைமேல் பெய்யும் மழை தெரிவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டுபோயிற்று.

ஆகவே தடையை இழப்பாகக் கருதாமல், அருவி தனக்கென எடுத்துக்கொண்ட நேரமாக மதிப்பதே தகும். அந்நேரத்தில் சங்கு வடிவில் அமைந்த குற்றாலநாதர் கோயிலையும், நடராசரின் ஐம்பெரும் சபைகளுள் ஒன்றாய்ச் சுவரோவியங்கள் நிறைந்த சித்திர சபையையும், பராக்கிரம பாண்டியர் எழுப்பிய தென்காசி விசுவநாதர் கோயிலையும் நின்று நிதானமாகக் காணுங்கள். தடுப்பைத் தாண்டி மட்டும் இறங்காதீர்கள்.