மூடியைச் சாத்திய பிறகு

மடிக்கணினியின் மூடியைச் சாத்தியதும் லினக்ஸ் உடனே தூங்கிவிடுவதில்லை. மூடியைக் கவனிப்பது சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்டி. அது சொல்ல, சிஸ்டம்டி சில ஸ்கிரிப்டுகளை ஓட்டிவிட்டுத்தான் கெர்னலிடம் வேலையை ஒப்படைக்கிறது. கெர்னல் ஓடும் நிரல்களை உறையவைத்து, சாதனங்களை நிறுத்துகிறது. விழிக்கும்போது இதே படிகள் தலைகீழாக நடக்கும்.

இதில் நம் கைக்கு எளிதில் எட்டுவது அந்த ஸ்கிரிப்ட் படிதான். எல்லாம் ஒழுங்காக நடந்தால் அதைத் தொடவே வேண்டாம். சில கணினிகளில் தூங்கி எழுந்ததும் வைஃபை செத்துக் கிடக்கும். அப்போதுதான் அதற்கு வேலை. யூஎஸ்ஆர், லிப், சிஸ்டம்டி என்று இறங்கினால் வரும் சிஸ்டம்-ஸ்லீப் அடைவில், இயங்கும் அனுமதியோடு ஒரு கோப்பை வையுங்கள். தூங்கும் முன் ‘ப்ரீ’ என்ற சொல்லோடும், எழுந்த பின் ‘போஸ்ட்’ என்ற சொல்லோடும் அதே கோப்பு அழைக்கப்படும். கூடவே வரும் இரண்டாவது சொல், சஸ்பெண்டா ஹைபர்னேட்டா என்று சொல்லும். ப்ரீயில் வைஃபை மாட்யூலைக் கழற்றி, போஸ்டில் மீண்டும் மாட்டினால் பெரும்பாலும் சரியாகும். நோய் டிரைவரில், கட்டு மட்டும் இங்கே.

பழைய பிஎம்-யூட்டில்ஸ் காலத்துக் குறிப்புகளைப் பார்த்துச் செய்பவர்கள் ஓரிடத்தில் வழுக்குவார்கள். அதில் கோப்புப் பெயரின் முன்னெண்தான் வரிசை. எழும்போது அதே வரிசை பின்னிருந்து வரும். சிஸ்டம்டியோ எல்லாக் கோப்புகளையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும். 10, 20 என்று எண் போட்டுப் பயனில்லை. ஒன்றுக்குப் பின் ஒன்று நடக்கவேண்டிய வேலைகளை ஒரே கோப்பில் எழுதுவதே சுலபம். எல்லாக் கோப்புகளும் முடியும்வரை தூக்கமும் கிடையாது. ஒன்று சிக்கிக்கொண்டால் தூக்கம் தள்ளிப்போகும்.

இவை ரூட்டாக ஓடுவதால் உங்கள் திரை எது என்று அவற்றுக்குத் தெரியாது. திரைப்பூட்டை இங்கே எழுதிவிட்டு, பூட்டவில்லையே என்று திகைப்பவர்கள் உண்டு. சிஸ்டம்டியின் கையேடே இந்த அடைவை ஒட்டுவேலைக்கான இடமாகத்தான் சொல்கிறது. முறையான நிரல், தூக்கத்தைத் தாமதப்படுத்தும் இன்ஹிபிட்டர் பூட்டை லாகின்டியிடம் கேட்கவேண்டும். அப்படித் தாமதம் கேட்பவற்றுக்குக் கிடைக்கும் இயல்பான அவகாசம் 5 நொடி.

ஸ்கிரிப்ட் பிசகாமல் ஓடியும் இரவோடு இரவாகப் பேட்டரி கரைகிறதா? அப்படியானால் கோளாறு இன்னும் கீழே இருக்கலாம். சிஸ், பவர் அடைவிலுள்ள மெம்-ஸ்லீப் கோப்பைத் திறந்து பாருங்கள். ‘எஸ்2ஐடில்’ என்பது மேலோட்டமான உறக்கம். ‘டீப்’ என்பதில் ரேம் தவிர ஏறக்குறைய எல்லாமே அணையும். புதிய கணினிகள் பலவற்றில் டீப் பட்டியலிலேயே இருக்காது, அதை ஃபர்ம்வேர்தான் தரவேண்டும். 2018இன் திங்க்பேட் எக்ஸ்1 கார்பனுக்கு அப்படித் தரவே, பின்னர் வந்த பயாஸ் புதுப்பிப்பு ஒன்று உறக்க அமைப்பில் ‘லினக்ஸ்’ என்றே ஒரு தேர்வைச் சேர்த்தது.