பெயருக்கு முன்னால்

கோவளம் முகத்துவாரத்தில் அன்று ஒரே பறவைக்கு மூன்று பெயர் எழுதினேன். மூன்றும் தப்பு.

மார்கழிக் காலை. தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வழியாகப் போய் இறங்கும்போது வெயில் ஏறவில்லை. மழைக்காலத்தில் திறந்து கோடையில் மணல் மூடிவிடும் முகத்துவாரம் அது. முட்டுக்காட்டுக் காயல் கடலைத் தொடுகிற இடத்தில், மணல்திட்டின் நுனியில், உடம்பெல்லாம் பழுப்பாக ஒரு பெரிய பறவை உட்கார்ந்திருந்தது. தாம்பரத்தில் தினமும் பார்க்கிற கரும்பருந்துதான் என்று நோட்டில் எழுதிவிட்டேன்.

அது எழுந்தபோது வாலைப் பார்த்தேன். கரும்பருந்துக்கு வால் நடுவில் உள்வாங்கி, மீன்வால் மாதிரி இருக்கும். இதற்கு அப்படி இல்லை. சரி, செம்பருந்தின் குஞ்சு. அதுவும் இளமையில் பழுப்புதானே என்று அடித்துத் திருத்தினேன். அதற்குள் ஒரு காகம் அதைத் துரத்த, பக்கத்தில் காகம் மைனா அளவுக்குச் சிறுத்துத் தெரிந்தது. செம்பருந்து அவ்வளவு பெரிதில்லை. உடனே விரால் அடிப்பான் என்று எழுதினேன். விரால் அடிப்பானுக்கு அடிவயிறு வெள்ளை, கண்ணோரம் கறுப்புப் பட்டை. இரண்டையும் நான் பார்க்கவில்லை. குளிர்காலத்தில் வலசை வரும் அந்தப் பறவையைப் பார்க்கத்தான் கிளம்பி வந்திருந்தேன்; ஆசை எழுதிய பெயர் அது.

படகு நிழலில் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர் என் தவிப்பைக் கவனித்திருக்க வேண்டும்.

"கலரை விடுங்க சார். றெக்கையை எப்படி வச்சிருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். இரண்டு இறக்கையும் மேல்நோக்கித் தூக்கி, அசைக்காமல், காற்றின்மேல் சாய்ந்து கிடந்தது. வால் ஆப்பு மாதிரி நடுவில் நீண்டிருந்தது. வெண்வயிற்றுக் கடற்கழுகின் இளசு. வளர்ந்ததென்றால் முதுகு சாம்பல், தலையும் வயிறும் தூய வெள்ளை. இறக்கை விரித்தால் ஏறக்குறைய 2 மீட்டர். அந்த வெள்ளை வந்து சேர 4, 5 வருடம் ஆகும். அதுவரை ஒவ்வொரு இறகாக உதிர்த்து, மாற்றி, பழுப்பும் திட்டுமாகத்தான் பறந்து திரியும்.

வீடு திரும்பும்போது மகளை நினைத்துக்கொண்டே வந்தேன். அவளுக்குப் பதினோரு வயதில், ஒரு மதிப்பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, "இவளுக்குக் கணக்கு வராது" என்று சொன்னவன் நான். வீடே அதைப் பிடித்துக்கொண்டது. உறவுக்காரர்கள் வந்தால் அவள் காதுபடச் சொல்வோம். பிறகு அவளும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் கணக்குப் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்று நான் பார்த்ததே இல்லை. பெயர் வைத்தாயிற்று, இனிப் பார்க்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன். அந்த அலட்சியம்தான் இன்றும் மனசை அறுக்கிறது.

இப்போதெல்லாம் நோட்டில் வால், இறக்கை, பறக்கிற விதம் என்று முதலில் குறித்துக்கொள்கிறேன். பெயருக்கான இடம் காலியாகவே இருக்கும், சில நாள் வீடு திரும்பும்வரை. போன ஞாயிறு மகளும் கூட வந்தாள். திட்டில் பறவை இல்லை. வலையிலிருந்து உதறிப் போட்ட கடற்பாம்பு ஒன்று மணலில் கிடந்தது. கடற்கழுகு அதையும் தின்னும் என்றேன். "அப்போ வரும்ல, இருப்போம்ப்பா" என்று மணலில் உட்கார்ந்தாள்.