ஆஹார சுத்தியும் அனவஸாதமும்

உத்ஸவ காலத்தில் திருக்கோயிலுக்கு எழுந்தருளும் சேவார்த்திகள் எம்பெருமானைக் கண்ணாரச் சேவித்து, தீர்த்தமும் திருத்துழாயும் ஸ்ரீசடாரியும் பெற்ற பின்னர், ப்ரஸாதம் வழங்குமிடத்தை நாடுவது வழக்கம். வயிற்றுக்காக வந்த கூட்டம் என்று இதனை எள்ளுவாரும் உளர். அங்ஙனம் எள்ளுவார் வேதாந்தம் அறியாதவரே.

சாந்தோக்ய உபநிஷத்தில் உத்தாலகர் தம் குமாரனாகிய ச்வேதகேதுவுக்கு, உண்ட அன்னத்தின் மிக நுண்ணிய பகுதியே மனமாகிறது என்று உபதேசிக்கிறார். சொல்லளவில் நில்லாது சோதித்தும் காட்டுகிறார். பதினைந்து நாள் அன்னம் விடுத்து, நீர் மட்டும் பருகியிருக்குமாறு மைந்தனுக்குக் கட்டளையிடுகிறார். அதன்பின் வேதம் ஓதுக என்றால், கற்றது ஒன்றும் அவன் நினைவுக்கு வரவில்லை. உண்டு வந்த பிறகோ கேட்டவற்றுக்கெல்லாம் விடை பகர்கிறான். அதே உபநிஷத்தில், பல வித்யைகளையும் கற்றும் துயர் தீராத நாரதர், தம்மைச் சோகத்தின் கரையேற்றுமாறு ஸநத்குமாரரை வேண்டுகிறார். நீண்ட உபதேசத்தின் முடிவில் அவர் பெறுவது, ஆஹாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும், அதனால் இடையறாத நினைவு உறுதிப்படும் என்பதாகும். அழுது வந்தவருக்கு உணவைப் பற்றியும் சொல்லப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

பகவத் ராமாநுஜர் (1017–1137) ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே, அந்த இடையறாத நினைவுக்குத் துணையாக வாக்யகாரர் கூறிய ஏழு ஸாதனங்களை எடுத்தாளுகிறார். அவற்றுள் முதலாவது விவேகம். பகுத்தறிவு என்று இன்று நாம் வழங்கும் பொருள் அதற்கன்று. பொருளின் இயல்பாலும், கொடுப்பவராலும், இடையில் நேரும் அசுத்தத்தாலும் குற்றப்படாத உணவினால் உடலைத் தூயதாக வைத்துக்கொள்வதே அங்கு விவேகம் எனப்படுகிறது. ஸ்வாமி வேதாந்த தேசிகரும் ஆஹார நியமம் என்று தமிழிலேயே ஒரு ப்ரபந்தம் அருளியுள்ளார்.

இவ்விவேகம் ஏட்டில் மட்டும் உறைவதன்று. மடைப்பள்ளியில் நாள்தோறும் புகைந்துகொண்டிருக்கிறது. ஹேமந்த ருதுவில் ஜாடராக்னி வலுத்திருக்கும், நெய்யும் கனத்த உணவும் ஏற்கும் என்பது ஆயுர்வேதம். மார்கழி விடியலில் மிளகும் சீரகமும் நெய்யும் கூடிய வெண்பொங்கல் அமுது செய்விக்கப்படுகிறது. வெயில் ஏறத் தொடங்கும் ஸ்ரீராமநவமியிலோ அடுப்பின் வேலை குறைகிறது. வெல்லம் கரைத்து ஏலமும் சுக்கும் சேர்த்த பானகம், நீர்மோர், ஊறவைத்த பயற்றம்பருப்பு. காஞ்சியில் தேவப்பெருமாளுக்கு மிளகும் சுக்கும் இட்டு, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் இட்லி வேகிறது. மிளகாய் கடல் கடந்து பின்னாளில் வந்த பொருள். நம் வீட்டு அடுக்களை அதற்கு அடிமைப்பட்டும், பழமை போற்றும் தளிகைகள் இன்னும் மிளகையே நம்பியுள்ளன.

தளிகை செய்யும் பரிசாரகர் வாய் திறந்து வீண் பேச்சுப் பேசலாகாது. உப்புச் சரியா என்று சுவைத்துப் பார்க்கவும் கூடாது. பெருமாள் அமுது செய்வதற்கு முன் மணத்தை நுகர்ந்து மகிழ்வதும் தகாது. நாவின் துணையில்லாமல் உப்பிட வேண்டுமானால் கையும் கண்ணும் நெஞ்சும் ஒன்றாய் அங்கேயே நிற்க வேண்டும். அமைதியை நாடி எங்கெங்கோ பயிற்சிக்குச் செல்வோர், ஒரு நாள் வீட்டு அடுப்படியில் இந்த நியமத்தோடு ஒரு படி அரிசி வடித்துப் பார்க்கலாம். பரிசாரகர் இத்தனை கருத்தோடு சமைத்ததை, வரிசையில் முழங்கையால் இடித்துத் தள்ளி வாங்குவது அழகன்று. நீரிழிவு உடையார் அக்காரவடிசிலை ஒரு துளி கண்ணில் ஒற்றி ஸ்வீகரித்தாலே போதும். ப்ரஸாதத்தின் பெருமை அளவில் இல்லை. வைத்தியர் வாக்கை மீறுதல் பக்தியும் ஆகாது.

ஏழு ஸாதனங்களுள் ஆறாவது அனவஸாதம். காலமும் இடமும் ஒவ்வாமையாலும், துயர் தந்தவற்றை மீண்டும் மீண்டும் நினைப்பதாலும் மனம் ஒளி குன்றிச் சோர்வது அவஸாதம். அங்ஙனம் சோராமை அனவஸாதம். ஏழாவது அனுத்தர்ஷம், மிதமிஞ்சிய களிப்பில் தலைகால் தெரியாமல் போகாமை. சோறும் சோர்வும் ஒரே பட்டியலில் இடம் பெற்றது தற்செயல் அன்று.

துயரப்படலாகாது என்று ஆசார்யர்கள் சொன்னார்களோ எனின், இல்லை. சக்ரவர்த்தித் திருமகனே துயருற்றான். நாடு துறந்த பின் கங்கைக் கரையில் குஹன் பலவகை உணவுகளைக் கொணர்ந்தபோது அவன் ஏற்கவில்லை. குதிரைகளுக்குத் தீனி மட்டும் கேட்டான். தான் நீர் பருகித் தரையில் கிடந்தான். தன் பசி மறந்த அன்றும் குதிரையின் பசி மறக்கவில்லை. பின்னர்ச் சித்ரகூடத்தில் தந்தை மறைந்த செய்தி கேட்டு மூர்ச்சித்து விழுந்தான். எழுந்து மந்தாகினியில் நீராடி, இங்குதிப் பிண்ணாக்கை இலந்தைக் கனியோடு பிசைந்து, தர்ப்பையின் மேல் பிண்டம் வைத்தான். அக்காட்டில் தாங்கள் உண்பது எதுவோ அதையே தந்தைக்கும் இட்டான். கோசலை அதைக் கண்டு, பூமியாண்ட மன்னவனுக்கு இதுவோ உணவு என்று கதறினாள். இல்லாத பாற்சோற்றுக்காக ஏங்கி நில்லாமல், வனம் தந்ததைக் கையால் பிசைந்த அப்போதே அவன் மூர்ச்சையிலிருந்து கடமைக்கு மீண்டிருந்தான்.

தமிழ்நாட்டில் இழவு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. உறவினரும் அயலாரும் உணவு கொண்டுவருவர். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் இலையைத் தள்ளிவிடுவாள். வந்தவர்கள் அவளுக்குத் தத்வம் சொல்வதில்லை. ரஸம் விட்டுக் குழையப் பிசைந்த சோற்றில் ஒரு கவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் வாய் திறக்கும் வரை அருகிலேயே அமர்ந்திருப்பார்கள்.