வேட்டைத் துப்பாக்கிக்கு ஒலியடக்கி ஆகுமா?

வேட்டையாடுவது மார்க்கத்தில் ஆகுமாக்கப்பட்ட செயல். ஆனால் எப்படி வேண்டுமானாலும் வேட்டையாடலாம் என்று மார்க்கம் விட்டுவிடவில்லை. ஹாதிம் தாயியின் புதல்வர் அதீ (ரலி) அவர்கள் வேட்டையைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வினவியபோது, எறிந்த கோலின் கூர்முனை பாய்ந்து பிராணி இறந்ததா, அகன்ற பக்கம் அடித்து இறந்ததா என்பது வரை பிரித்து விளக்கம் அளிக்கப்பட்டது. முன்னதை உண்ணலாம், பின்னதை உண்ணலாகாது. எனவே, வேட்டைக் கருவி எதுவானால் என்ன என்று ஒரு முஸ்லிம் அலட்சியமாக இருந்துவிட முடியாது.

இன்று அமெரிக்காவில் பெரிதும் வாதிக்கப்படுவது 'சைலன்ஸர்' எனப்படும் ஒலியடக்கியைப் பற்றிய கேள்வி. ஹைராம் பெர்சி மாக்ஸிம் என்பவர் 1909-ல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியைக் கண்டுபிடித்த மாக்ஸிமின் மகன் அவர். துப்பாக்கிக் குழலின் முனையில் பொருத்தப்படும் ஒரு சிறு உருளை இது. குண்டின் பின்னால் சீறி வரும் வாயுவை உள்ளறைகளில் தடுத்து, வேகம் தணித்து வெளிவிடுகிறது. 1934-ல் அமெரிக்க அரசு இதற்குப் பதிவையும் 200 டாலர் வரியையும் விதித்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி நீங்கிவிட்டது. பதிவு மட்டும் நீடிக்கிறது. அந்தப் பதிவும் வேண்டாம் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். இந்தக் கருவியே கூடாது என்று மறு சாரார் சொல்கிறார்கள். எட்டு மாநிலங்களில் பொதுமக்கள் இதை வைத்திருக்கவே தடை உள்ளது.

நம் நாட்டில் 1972-ம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் வேட்டையைப் பெரும்பாலும் தடுத்துவிட்டது. ஆயினும், அமெரிக்காவில் மான் வேட்டைக்குச் செல்லும் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். குண்டடிபட்டு இறந்த பிராணி ஹலாலா என்பது உலமாக்களிடையே கருத்து வேறுபாடுள்ள தனி மஸ்அலா. அதை இங்கு நாம் எடுத்துக்கொள்ளவில்லை. ஓசையை மறைப்பது நீதியா என்பதே நம் கேள்வி.

முதலில் வேட்டைக்காரனின் உரிமையைப் பார்ப்போம். வேட்டைத் துப்பாக்கியின் வெடியோசை ஏறத்தாழ 160 டெசிபல். 140 டெசிபலுக்கு மேற்பட்ட வெடியோசை ஒரே தடவையில் காதைக் கெடுத்துவிடக்கூடும். ஒலியடக்கி இதில் 20 முதல் 35 டெசிபல் வரை குறைக்கிறது. காதுக்கு மூடி போட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். மூடி போட்டவனுக்கு உடன் வந்தவன் "சுடாதே" என்று கத்துவதும் சரியாகக் கேட்காதே! செவி அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காத்துக்கொள்ள முயல்பவனைக் குற்றவாளியாகப் பார்ப்பது முறையன்று.

அடுத்து, பிராணியின் உரிமை. "ஓசையின்றிக் கொல்வது வஞ்சகம்; பிராணிக்குத் தப்பிக்க வாய்ப்புத் தர வேண்டாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். மான் வேட்டைத் துப்பாக்கியின் குண்டோ அதைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது. அடிபடும் மானை ஓசைக்கு முன்பே குண்டு எட்டிவிடுகிறது! அதற்கு வெடியோசை ஒருபோதும் எச்சரிக்கையாக இருந்ததில்லை.

மேலும், மார்க்கம் வேட்டையை மனிதனுக்கும் மிருகத்துக்கும் இடையிலான பந்தயமாகக் கருதவில்லை. தேவையின்றி வெறும் விளையாட்டுக்காக உயிரைப் போக்குவதை அது வெறுக்கிறது. கொல்வதானால் வேதனை குறைத்துக் கொல்ல வேண்டும். கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்பதே நபிவழி. அறுக்கும் பிராணியின் கண்ணெதிரே கத்தியைத் தீட்டுவதும் கண்டிக்கப்பட்டிருக்கிறது. ஆயுதத்தை அதனிடமிருந்து மறைப்பதே அங்கு கருணையாகிறது. ஒலியடக்கி துப்பாக்கியின் பின்னுதைப்பையும் குறைக்கிறது. சுடுபவன் வெடிக்கு அஞ்சி உடல் அதிர்ந்தால் குறி தவறும். குறி தவறினால், காயம்பட்ட மான் காட்டுக்குள் ஓடி, கிடந்து துடித்துச் சாகும். ஆகவே பிராணியின் பெயரால் இக்கருவியைத் தடுக்க வலுவான ஆதாரம் இல்லை.

மூன்றாவது, மற்ற மனிதர்களின் உரிமை. சிக்கல் இங்கேதான் இருக்கிறது. வெடியோசை மானை எச்சரிக்காவிட்டாலும் மனிதரை எச்சரிக்கிறது. காட்டுப்பாதையில் நடப்பவர், தோட்டத்தில் வேலை செய்பவர், விளையாடும் பிள்ளைகள் எல்லோருக்கும் "அந்தத் திசையில் சுடுகிறார்கள்" என்று அது சொல்கிறது. ஒலியடக்கி பொருத்தினாலும் வேகக் குண்டு காற்றைக் கிழிக்கும் ஓசை கேட்கவே செய்யும். சினிமாவில் காட்டுவது போல் அடங்கிவிடாது. ஆனால் சுடுபவன் எங்கே நிற்கிறான் என்று அறிவது கடினமாகிவிடும். ஒலியின் வேகத்துக்குக் குறைந்த குண்டைப் போட்டால் அந்த ஓசையும் இராது. திருட்டு வேட்டைக்காரன் விரும்புவது இதைத்தான். 2019 மே 31 அன்று வர்ஜீனியா பீச் நகர அலுவலகக் கட்டடத்தில் 12 பேரைச் சுட்டுக் கொன்றவன் தன் கைத்துப்பாக்கியில் ஒலியடக்கி பொருத்தியிருந்தான் என்பதையும் மறக்கலாகாது.

தீமைக்கு வழியாகக்கூடியவற்றை மாலிகி மத்ஹபின் பேரறிஞர் இமாம் கராஃபீ (ரஹ்) மூன்றாக வகுத்தார்கள். மக்கள் நடக்கும் பாதையில் கிணறு தோண்டுவது ஏகமனதாகத் தடுக்கப்பட்டது. திராட்சை பயிரிடுவது, அதிலிருந்து மது காய்ச்சப்படலாம் என்றாலும், தடுக்கப்படாதது. இவ்விரண்டுக்கும் நடுவில் கருத்து வேறுபாட்டுக்குரியவை உள்ளன. ஒலியடக்கி இந்த நடுவகையைச் சேர்ந்தது என்பது நம் எண்ணம். திராட்சைக் கொடியைப் போல் பலருக்கு நன்மை தருகிறது. பாதையோரக் கிணற்றைப் போல் அறியாதவரை விழுங்கவும் கூடும்.

அப்படிப்பட்ட கிணற்றை என்ன செய்வோம்? தண்ணீர் தேவையென்றால் தூர்க்க மாட்டோம். கைப்பிடிச் சுவர் எழுப்புவோம். ஒலியடக்கிக்கு அந்தச் சுவர், பதிவுதான். இன்ன மனிதரிடம் இக்கருவி இருக்கிறது என்று அரசு அறிந்திருப்பதால் நேர்மையான வேட்டைக்காரனுக்கு நஷ்டம் என்ன? சிறிது காலதாமதமும் அலைச்சலும்தான். சுவரை இடித்துவிட்டால் வரும் நஷ்டமோ கிணற்றின் சொந்தக்காரனுக்கு அல்ல, வழிப்போக்கனுக்கு! தன் வசதிக்காகப் பிறர் உயிரை ஆபத்தில் வைக்க எவருக்கும் உரிமையில்லை.

எனவே, வேட்டைக்காரர்களுக்கு ஒலியடக்கியை அனுமதிப்பதே நீதி. பதிவை நீக்காமல் அனுமதிப்பதே முழு நீதி. அனுமதி பெற்றவர்மீதும் ஒரு கடமை உண்டு. முன்பு அவருடைய துப்பாக்கி ஊருக்குச் சொன்னதை இனி அவருடைய வாய் சொல்ல வேண்டும். நிலத்துக்காரரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும், "இன்று இன்ன இடத்தில் வேட்டையாடுகிறேன்" என்று அறிவித்துவிட்டே அவர் காட்டுக்குள் போகட்டும். அப்படிச் சொல்ல ஒருவர் தயங்குவாரானால், அவர் அடக்க விரும்புவது ஓசையை மட்டும்தானா என்று தம் உள்ளத்தைக் கேட்டுக்கொள்ளட்டும்.

வல்லாஹு அஃலம். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.