"நான்" என்பது யாது?



பௌர்ணமிதோறும் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி முடித்து விகாரையினின்று வெளிப்படுங்கால், அயற்சமயத்து நண்பர்கள் நம்மை வினவும் வினா ஒன்றுண்டு. "ஆன்மா இல்லையென்கிறீர், அப்படியாயின் சமயம் மாறினவர் யார்? நற்கதி பெறப்போகிறவர் யார்?" என்பதே அது. நையாண்டியாகக் கேட்பாரும் உளர். மெய்யாகவே அறிய வேண்டிக் கேட்பாரும் உளர். நம்மவருட் பலர் விடை கூறமாட்டாது, "அதெல்லாம் பிக்குகளுக்குரிய பேச்சு" என்று நழுவிவிடுகின்றனர். அங்ஙனம் நழுவுதல் தகாது. பிறர்க்கு இது ஏட்டுவினாவாக இருக்கலாம். நமக்கோ தலைமுறை தலைமுறையாக முதுகில் சுமந்த வினாவாகும்.

உடம்பு அழியும், உள்ளிருக்கும் ஆன்மா அழியாது, அதுவே மெய்யான நான் என்று கூறும் நூல்கள் இந்நாட்டிற் பல. எல்லா உயிர்க்கும் ஆன்மா ஒன்றே என்பாரும் உளர். கேட்க இனிய சொற்களே. ஆனால் அவ்வான்மா எடுக்கும் பிறவிக்கு மட்டும் மேலென்றும் கீழென்றும் இடம் வகுத்து, ஒவ்வொருவர்க்கும் பிறக்கும்போதே ஓர் இயல்பு உண்டு, அது மாறாது என்று விதித்தவர்களும் அவர்களே. பிறவிக்குணம் மட்டை வைத்துக் கட்டினாலும் போகாது என்று ஊரிற் சொல்லுவர். அம்மொழியை நம் பாட்டனார் காலத்தில் எவரைச் சுட்டிச் சொன்னார்கள் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. அழியாத ஆன்மாவும் மாறாத சாதியும் ஒரே கொடியிற் காய்த்தவை என்பது நமது துணிபு.

பகவர் இசிபதனத்தில், இன்றைய சாரநாத்தில், ஐவர் துறவிகட்கு அருளிய இரண்டாம் உபதேசம் இப்பொருள் பற்றியதே. மனிதனென்று நாம் அழைப்பது ஐந்து கந்தங்களின் சேர்க்கை. உருவு, நுகர்ச்சி, குறிப்பு, பாவனை, அறிவு என இவற்றுக்குத் தமிழ்ப் பெயர் தந்தது நமது மணிமேகலை. இவற்றுள் யாதேனும் ஒன்று நானாயின், "இப்படி ஆகுக, அப்படி ஆகாதொழிக" என்று அதற்கு நான் கட்டளையிடக் கூடும் அன்றோ? நரைக்காதே என்றால் மயிர் கேட்கின்றதா? சினவாதே என்றால் மனம் கேட்கின்றதா? நேற்றுக் கசந்தது இன்று இனிக்கின்றது. நேற்றைய உறுதி இன்று தளர்கின்றது. கணந்தோறும் மாறுவதாய், நம் ஏவலுக்கு அடங்காததாய், துன்பந் தருவதாய் உள்ள ஒன்றை "இது எனது, இது நான், இது என் ஆன்மா" என்று பற்றுதல் முறையோ என்பதே பகவரின் கேள்வி.

இங்ஙனம் கூறியதால் வினையும் இல்லை, வினைப்பயனும் இல்லை என்றாகாது. ஒரு விளக்கினின்று மற்றொரு விளக்கை ஏற்றினால், சென்று சேர்ந்த பொருள் ஒன்றுமில்லை. ஆயினும் ஒளி தொடர்கின்றது. மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் காட்டிய உவமை அது. மனித இயல்பு இறுகிய கல் அன்று என்பதற்கு அங்குலிமாலர் ஒருவரே போதிய சான்று. கொலைஞனாயிருந்தவர் அருகராயினார். மட்டை வைத்துக் கட்டியவர் எவருமில்லை.

இனி, உபாலி தேரரின் வரலாற்றைச் சற்று நின்று நோக்குவோம். அவர் சாக்கியர் குலத்து நாவிதர். அனுருத்தர், ஆனந்தர், பத்தியர், தேவதத்தர் முதலிய அறுவர் துறவு பூணப் புறப்பட்டபோது அவரும் உடன் சென்றார். எல்லையைக் கடந்ததும் குமாரர்கள் தம் அணிகலன்களைக் கழற்றி மூட்டையாகக் கட்டி, "இது உன் பிழைப்புக்குப் போதும், திரும்பிச் செல்" என்று அவரிடம் தந்தனர். உபாலி சிறிது தூரம் சென்றார். குமாரர்களை நாமே கெடுத்தோமென்று சாக்கியர் நம்மைக் கொன்றுவிடுவரே என்று எண்ணினார். மூட்டையை ஒரு மரத்தில் தொங்கவிட்டு, காண்பவர் எடுத்துக்கொள்க என்று சொல்லி, அவர்கள் பின்னே ஓடினார்.

அனுப்பியத்தில் பகவரைக் கண்டபோது குமாரர்களே விண்ணப்பித்தனர்: "நாங்கள் செருக்குடைய சாக்கியர். இவர் நெடுங்காலம் எங்கட்குப் பணி செய்தவர். இவரை முதலிற் சங்கத்திற் சேர்த்தருளுக. நாங்கள் இவரை வணங்கி, இவர்முன் எழுந்து நிற்போம். எங்கள் செருக்கு அடங்கும்." அவ்வாறே நடந்தது. சங்கத்தில் முதியவரென்பது சேர்ந்த நாளால் ஏற்படுவது, குலத்தால் அன்று.

இவ்வரலாற்றைக் கூறுவோர் குமாரர்களின் பணிவை வியப்பர். நாம் வியப்பது உபாலியின் நிலையை. நேற்றுவரை தம் கையாற் சிரைத்த தலைகள் தம் அடியில் தாழ, பதறாமல், பின்வாங்காமல், "வேண்டாம் ஐயா" என்று குனியாமல் நின்றாரே, அது எத்துணை அரிது! செருக்கு ஒரு நான்; வளைந்த முதுகும் ஒரு நானே. "உயர்ந்தவன் நான்" என்பது பொய்யாயின், "தாழ்ந்தவன் நான்" என்பதும் அதே அளவிற் பொய். இரண்டையும் ஐந்து கந்தங்களில் தேடிப் பாருங்கள், அகப்படா.

சாதிச் சான்றிதழைப் பற்றி இளைஞர் சிலர் மனங்கலங்கிக் கேட்கின்றனர். 1990-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் பௌத்தராயினோர்க்கும் பட்டியல் சாதியினரின் உரிமைகள் கிட்டின. அதற்குப் பழைய பெயரை எழுத வேண்டியிருக்கின்றதே என்பது அவர்தம் குறை. எழுதுக. அது நமக்கு இழைக்கப்பட்ட தீங்கின் பெயர். கடன்காரன் பெயரைக் கணக்கில் எழுதுவதுபோல் எழுதுக. காகிதத்தினின்று அது நாவில் ஏறும்போதுதான் கேடு.

நம் நாவிலும் ஏறியது. மறைப்பானேன்? எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கச் சென்றிருந்தோம். கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டபின் பெங்களூரில் குடியேறிய பௌத்தக் குடும்பம். கூடத்தில் பகவரின் படமும் அண்ணல் அம்பேத்கரின் படமும். பையன் நற்குணத்தினன். எல்லாம் பேசி முடிந்த வேளையில், "பூர்வத்தில் நீங்கள் என்ன வகையறா?" என்று நாம் கேட்டுவிட்டோம். அநாத்மம் பற்றி மேடையிற் பேசும் இதே வாய்!

பையனின் தந்தையார் சினக்கவில்லை. சிறிது நேரம் நம்மை உற்று நோக்கி, "யாரைக் கேட்கிறீர்கள், ஐயா?" என்றார்.

நமக்கு விடை வரவில்லை. உள்ளே சென்ற அம்மையார் தேநீருடன் திரும்பும்வரை ஒருவரும் பேசவில்லை. பிறகு அவரே எந்த ஆண்டு திரிசரணம் ஏற்றீர்கள் என்று கேட்க, நாம் சொன்னோம். அவர் நம்மினும் ஒன்பது ஆண்டுகள் முன்னதாக ஏற்றவர். வயதில் இளையவரேனும் தம்மத்தில் அவரே மூத்தவரென்று எழுந்து கைகூப்பினோம். அவர் ஒரு கணம் கூசினார். பின்னர் நிமிர்ந்து நின்று ஏற்றுக்கொண்டார். சம்பந்தம் அன்றைக்கே உறுதியாயிற்று.