தரப்பட்டுள்ளது எனக் கொள்க

ஓர் அறிவுத்துறையைக் கற்றல் என்பது அதன் முறைகளைக் கற்பதோடு முடிந்துவிடுமா, அன்றி அம்முறைகள் எவற்றை வினவாது ஏற்றுக்கொள்கின்றன என்பதையும் கற்றாக வேண்டுமா? மெய்யியல் மாணவருக்கு இவ்வினா புதியதன்று. ஆயின், இன்று அது மிகக் கூர்மையாக எழுகின்ற இடங்களுள் ஒன்று நம்மிற் பலர் எட்டியும் பாராத ஒரு கற்கையாகும். இலக்கமுறைச் சைகைகளைப் புள்ளிவிபரவியல் வழியிற் கையாளும் துறையையே குறிப்பிடுகின்றேன். பொருளியலின் பொருட்டுக் காலத்தொடர்ப் பகுப்பாய்வைக் கற்கப் புகுந்து, அதன் வழியே இத்துறையின் உயர்நிலை நூல்கள் சிலவற்றோடு பரிச்சயங் கொண்ட கலைப்பீட மாணவன் என்ற அளவிலேயே இங்கு எழுதுகின்றேன். சமன்பாடுகளை அறிந்தோர் இதிற் புதிய கணிதம் எதையும் காணார்.

இத்துறையின் அடிப்படைப் பிரச்சினையை எளிதிற் கூறிவிடலாம். ஒரு கருவி தொடர்ச்சியான எண்களை நமக்குத் தருகின்றது. அவை வானொலி அலையின் பதிவாகவோ, இதயத்துடிப்பின் பதிவாகவோ, நிலநடுக்கத்தின் பதிவாகவோ இருக்கலாம். அவ்வெண்களுள் நாம் அறிய விரும்புவதும் விரும்பாததும் கலந்துள்ளன. முன்னையதைச் சைகை என்றும் பின்னையதை இரைச்சல் என்றும் அழைக்கின்றோம். இரண்டையும் முற்றாகப் பிரித்தல் இயலாதாகையால், நிகழ்தகவின் துணைகொண்டு இயன்றவரை சிறப்பாகப் பிரிக்க முயல்கின்றோம். இங்கே 'விரும்புவது' என்ற சொல்லை வாசகர் மனங்கொள்ளல் வேண்டும். அலையில் அத்தகைய பாகுபாடு எதுவும் இல்லை. வானிலையை ஆராய்பவருக்கு மழைத்துளிகளிற் பட்டுத் திரும்பும் றேடார் எதிரொலி சைகை. விமானத்தைத் தேடுபவருக்கு அதே எதிரொலி இரைச்சல்.

பாடநூற் பயிற்சிகளைப் புரட்டுவோருக்கு ஒரு சொற்றொடர் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும்: 'தரப்பட்டுள்ளது எனக் கொள்க.' இரைச்சலின் மாறற்றிறன் தரப்பட்டுள்ளது எனக் கொள்க. முன்னிகழ்தகவு தரப்பட்டுள்ளது எனக் கொள்க. தவறினால் ஏற்படும் இழப்பு தரப்பட்டுள்ளது எனக் கொள்க. அதன்பின் வருவது உயர்ந்த கணிதம். மாணவரின் ஆற்றல் முழுவதும் அப்பின்பகுதியிலேயே செலவாகின்றது. புள்ளிகளும் அதற்கே வழங்கப்படுகின்றன. தந்தவர் யார், எந்த அதிகாரத்தில் தந்தார் என்ற கேள்விக்குப் புள்ளியில்லை.

இழப்பு என்பதையே எடுத்துக்கொள்வோம். மிகப் பரவலாகக் கையாளப்படும் அளவுகோல் வழுவின் வர்க்கத்தின் சராசரியாகும். வர்க்கம் எடுக்கும்போது கூட மதிப்பிட்டதும் குறைய மதிப்பிட்டதும் ஒரே தண்டனையைப் பெறுகின்றன. ஏன் வர்க்கம்? கணக்கு இலகுவாகின்றது என்பதே நேர்மையான விடை. இழிவு வர்க்க முறைக்கு உறுதியான அடித்தளம் இட்டவர்களுள் ஒருவரான கௌஸ், இத்தெரிவில் ஒரு மனம்போன தன்மை உண்டென்பதை 1820களில் தாமே ஒப்புக்கொண்டு, எளிமையை அதற்கு நியாயமாகக் காட்டினார். பின்வந்தோர் அந்த ஒப்புதலை மறந்து வர்க்கத்தை மட்டும் வைத்துக்கொண்டனர் என்றே எனக்குத் தோன்றுகின்றது.

இத்துறை பிறந்த சூழலையும் நோக்குதல் தகும். சோவியத் ஒன்றியத்திற் கொல்மொகொறொவ் 1941இலும், ஐக்கிய அமெரிக்காவில் நோபேட் வீனர் 1942இலும், கடந்தகாலப் பதிவிலிருந்து எதிர்காலத்தை இயன்றளவு குறைந்த வழுவுடன் முன்னுரைக்கும் கோட்பாட்டைத் தனித்தனியே வகுத்தளித்தனர். வீனரை இதற்குத் தூண்டியது விமான எதிர்ப்புப் பீரங்கி. குண்டு மேலே சென்றடையும் வேளையில் விமானம் எங்கே இருக்கும் என்பதை முன்கூட்டியே கணித்தாக வேண்டும். விமானியோ நேர்கோட்டிற் பறப்பதில்லை. உயிர் தப்பும்பொருட்டு வளைந்தும் நெளிந்தும் பறக்கின்றார். அந்த நெளிவையும் ஒரு புள்ளிவிபரத் தொடராகக் கொண்டு, முந்திய அசைவுக்கும் பிந்திய அசைவுக்கும் இடையிலான இணைபின் வழியே அவரைத் தொடர முனைந்தார் வீனர். சாவுக்கஞ்சும் ஒரு மனிதரின் எண்ணம் இங்கே சார்பாக எழுதப்படுகின்றது. போர் முடிந்தபின், ஏவுகணை ஆய்வில் ஈடுபட்டிருந்த விமான நிறுவனமொன்றின் ஆய்வாளர் அவ்வறிக்கையின் பிரதியைக் கேட்டபோது வீனர் கொடுக்க மறுத்தார். அம்மறுப்புக் கடிதம் 1947 சனவரியில் 'அத்லாந்திக்' சஞ்சிகையில் வெளிவந்தது. 1949இல் அதே ஆய்வு நூலாக அச்சேறி யாவர்க்கும் கிடைத்தது என்பதும் உண்மையே. இதனைக் காட்டி அவரது மறுப்புப் பயனற்றது என்பாரும் உளர். பயனற்றதாக இருக்கலாம், ஆயினும், தம் கணிதத்துக்கு என்ன தரப்படுகின்றது என்று கேட்கும் உரிமை கணிதவியலாளருக்கும் உண்டென்பதை அவர் பகிரங்கமாகக் கூறினார். அவ்வுரிமை பாடத்திட்டத்தில் இல்லை.

கண்டுணர்தற் கோட்பாட்டில் இப்பிரச்சினை இன்னும் நேரடியாக எழுகின்றது. இல்லாததை உண்டெனல் ஒரு வழு. உள்ளதை இல்லையெனல் மற்றொன்று. தரவு மாறாதிருக்க, ஒன்றைக் குறைத்தால் மற்றையது கூடும். 1933இல் நெய்மனும் பியர்சனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, முதலாவது வழுவுக்கு ஓர் எல்லை வகுத்துவிட்டு இரண்டாவதை இயன்றவரை குறைக்கும் வழியைக் காட்டியது. ஆனால் சமநிலையை எங்கே வைப்பது என்பதை ஆய்வாளரிடமே விட்டுவிட வேண்டும் என அவர்களே அதிற் கூறினர். குற்றமற்றவரைத் தண்டிப்பது தீதா, குற்றவாளியை விடுவிப்பது தீதா என்ற உவமையும் அங்கே உண்டு. இழப்புகளைக் கணக்கில் எடுக்கும் பேய்ஸ் வழியில், தவறவிடுதலின் இழப்புப் பொய்யெச்சரிக்கையின் இழப்பைப் போல் நூறு மடங்கு எனின், எச்சரிப்பதற்கான எல்லைப் பெறுமானம் நூறிலொன்றாகத் தாழும். கணிதம் அவ்வளவு தெளிவானது. நூறு என்ற எண்ணை மட்டும் அது தராது.

இவ்வெண்ணின் பொருளை நம் கரைகள் அறியும். 2004 டிசெம்பர் 26ஆம் நாள் காலை, இலங்கை நேரப்படி ஏழு மணிக்குச் சற்று முன்னர், சுமாத்திராவின் அருகே கடலடி பிளந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் ஏறத்தாழ 15 நிமிடங்களில் வெளியிட்ட முதற்குறிப்பு நிலநடுக்கத்தின் பருமன் 8.0 என்றது. பின்னர் நிறுவப்பட்ட பருமன் 9.1 அளவாகும். வெளிப்பட்ட சக்தியின்படி இது ஏறத்தாழ 45 மடங்கு வேறுபாடு. பிளவு 1,200 கிலோமீற்றர் அளவுக்கு ஓடி முடிய எட்டு முதற் பத்து நிமிடங்கள் சென்றன. விரைந்து கணிக்கும் முறையோ பதிவின் தொடக்கப் பகுதியையே நம்பியிருந்தது. இத்துணைப் பெரிய நடுக்கத்தின் உண்மையான அளவு மெதுவாக வரும் நீண்ட அலைகளிலேயே புலப்படும். பதிவில் எவ்வளவு நீளத்தை நோக்குவது என்பது மாணவர் வகுப்பறையில் இரண்டு நிமிடத்தில் முடிவு செய்யும் தெரிவுகளுள் ஒன்று. வழுவின் வர்க்கத்துக்கு 1.1 கூடினால் என்ன, குறைந்தால் என்ன? கரையில் நின்றவர்க்கு அவ்வாறில்லை. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை கிழக்குக் கரையை அடைந்தது. இலங்கையில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அக்குறைமதிப்பீடே இவ்வழிவுக்குக் காரணம் என்று எழுதினால் அது பொய்யாகும். சரியான பருமன் அப்போதே தெரிந்திருந்தாலும், கல்முனைக்கோ முல்லைத்தீவுக்கோ அதை எடுத்துச்சொல்லும் ஒழுங்கு அன்று இருக்கவில்லை. இந்து சமுத்திரத்துக்கெனச் சுனாமி எச்சரிக்கை அமைப்பே அன்று இல்லை. அது இல்லாதிருந்ததும், அரிதான நிகழ்வுக்கு எவ்வளவு செலவிடலாம் என்ற ஒரு தீர்மானந்தான். எவரும் வாய்விட்டுக் கூறாத தீர்மானம்.

2012 ஏப்பிரல் 11ஆம் நாள் அதே திசையில் 8.6 பருமனுடைய நடுக்கம் ஏற்பட்டபோது அமைப்பு இருந்தது, எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் உள்நிலம் நோக்கி விரைந்தனர். ஆனால் அன்று தட்டுகள் பக்கவாட்டிலேயே நழுவின. கடல் பெரிதாக எழவில்லை. இதனை அமைப்பின் தோல்வி எனக் கூறுவோருடன் நான் உடன்படேன். அந்நேரத்தில் இருந்த தரவுகளைக் கொண்டு வேறு முடிவுக்கு வந்திருத்தல் பொறுப்பற்ற செயலாகும். எனினும் பொய்யெச்சரிக்கை இலவசமானதன்று. வலையையும் வள்ளத்தையும் விட்டு ஓடுபவர் அன்றைய உழைப்பை இழக்கின்றார். நோயாளரையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு ஓடுவோரின் துன்பம் பெரிது. அதனினும் பெரியது நம்பிக்கையின் தேய்வு. மும்முறை வீணாக ஓடியவர் நான்காம் முறை ஓடுவாரா? பாடநூல் ஒவ்வொரு தீர்மானத்தையும் தனித்ததாகக் கொண்டு இழப்பை எழுதுகின்றது. இன்றைய பொய்யெச்சரிக்கை நாளைய தவறவிடுதலின் நிகழ்தகவை உயர்த்துகின்றது என்பது அந்த அட்டவணையின் நான்கு கட்டங்களுள் எதிலும் இல்லை. இரண்டு இழப்புகளையும் சுமப்பவர் கரையோரத்தவர். எண்ணைத் தெரிபவர் பெரும்பாலும் கரையிலிருந்து வெகுதொலைவில் இருப்பவர்.

இழப்பை நிர்ணயிப்பது ஆட்சியாளர் பணி, தம் பணி அதற்குப் பின்னரே தொடங்குகின்றது என்பது விஞ்ஞான, பொறியியற்பீட நண்பர்கள் வழக்கமாகக் கூறும் விடை. இது பாதி உண்மை. ஆட்சியாளர் பெரும்பாலும் எண் எதையும் தருவதில்லை. தரப்படாத இடத்தை எழுதுபவர் வழக்கிலுள்ள ஒன்றால் நிரப்புகின்றார். அது செய்நிரலின் ஒரு வரியாகி மறைந்துவிடுகின்றது. நம் பக்கத்தாரையும் விடுவதற்கில்லை. உயிருக்கு விலை மதிப்பதா என்று கேட்டுவிட்டுக் கணக்கிலிருந்து விலகிக்கொள்வது கலைப்பீடத்தாரின் பழக்கம். விலகினாலும் எல்லைப் பெறுமானம் எங்கோ ஓரிடத்தில் நிற்கத்தான் செய்யும். அது எங்கே நிற்கின்றது என்பதைப் பலர் கண்முன் எழுதிக்காட்ட வல்லது இக்கணிதமே. அதனாற்றான் இதனைக் கற்க வேண்டும் என்கிறேன்.

உயிர் சம்பந்தப்படாத இடத்திலும் இதே வினா உண்டு. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் இசையாசிரியர் பலர் இணையவழியே கற்பித்தனர். பேச்சுக்கெனவே அமைந்த இரைச்சல் நீக்கிகள், மாறாது ஒலிப்பதை இரைச்சல் என்றும், விட்டுவிட்டு மாறுவதைப் பேச்சு என்றும் கொள்வன. மின்விசிறியை அடக்க அது மிகப் பொருத்தமான எடுகோள். ஆனால் தம்பூராவும் மாறாது ஒலிக்கின்றது. பாடகருக்கு ஆதாரமான சுருதியே அந்த வடிகட்டிக்கு முதலில் நீக்கத்தக்கதாகிவிடுகின்றது. எவரும் கர்நாடக இசைக்கு எதிராகச் சதி செய்யவில்லை. தம்பூராவை அறிந்த ஒருவர், எடுகோள் எழுதப்பட்ட அறையில் இருக்கவில்லை, அவ்வளவே.

1967இற் கேம்பிறிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைகாட்டி நாடோறும் வரைந்து தள்ளிய ஏறத்தாழ 30 மீற்றர் கடதாசியைக் கண்ணாலேயே படித்துவந்தார். அதில் அரைச் சென்ரிமீற்றர் அளவான ஒரு கிறுக்கல் அவரை உறுத்தியது. மனிதர் எழுப்பும் குறுக்கீட்டைப் போலவும் அது இல்லை. அவர்கள் தேடிய வானொலி மூலங்களைப் போலவும் இல்லை. அதுவே 1.3 செக்கனுக்கு ஒருமுறை துடிக்கும் முதலாவது துடிவிண்மீன் எனப் பின்னர் தெளிவாயிற்று. அப்பல்கலைக்கழகத்திற் கணனி இருந்தது. பதிவுகளை உடனே அதற்குக் கொடுப்பதில்லை என அக்குழுவினர் முடிவு செய்திருந்தனர். புதிய தொலைகாட்டியின் இயல்பு பழகும்வரை அதன் பதிவுகளை மனிதக் கண் பார்ப்பதே நன்று என அவர்கள் எண்ணினர்.