எட்டுக் கதிர்களில் ஒன்று

1898ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் தேதி, பிலிப்பைன்ஸில் மணிலாவுக்குத் தெற்கேயுள்ள கவித் என்னும் ஊரில், புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோவின் இல்லத்தில் ஒரு கொடி விரிக்கப்பட்டது. மார்செலா அகொன்சில்யோ என்னும் பெண்மணி, தம் மகளையும் இன்னொரு பெண்ணையும் துணைக்கு வைத்துக்கொண்டு ஹாங்காங்கில் தைத்து முடித்த கொடி அது. அதன் வர்ணங்களுக்கு இன்னதுதான் அர்த்தம் என்று அன்று வாசிக்கப்பட்ட சுதந்திரப் பிரகடனமே சொல்லிவிட்டது: நீலமும் சிவப்பும் வெள்ளையும் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கொடியை நினைவூட்டி, அபயமளித்த அந்நாட்டிடம் பிலிப்பினியர் கொண்ட நன்றியைக் காட்டுவனவாம். அவ்வாண்டு முடிவதற்குள் பாரிஸில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி, நன்றிக்குரிய அந்த அமெரிக்காவே இரண்டு கோடி டாலர் கொடுத்துத் தீவுகளை ஸ்பெயினிடமிருந்து வாங்கிக்கொண்டது. 1899 பிப்ரவரியில் அமெரிக்கருக்கும் பிலிப்பினியருக்கும் யுத்தம் மூண்டது. 1907இல் அக்கொடியை ஏற்றுவதே குற்றமாயிற்று. 1919இல்தான் தடை நீங்கியது.

இன்று அந்நாட்டுப் பிள்ளைகள், நீலம் சமாதானமும் சத்தியமும் நீதியும், சிவப்பு தேசபக்தியும் வீரமும், வெள்ளை முக்கோணம் சமத்துவமும் சகோதரத்துவமும் என்று பாடம் ஒப்பிக்கிறார்கள். பிரகடனம் எழுதிவைத்த நன்றி எங்கே போயிற்று? அதை யாரும் அழித்து எழுதியதாகத் தெரியவில்லை. காலில் குத்திய முள் தானே கழன்று விழுந்ததுபோல விழுந்துவிட்டது.

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு நித்தியமானது, எவரும் ஏற்படுத்தாதது என்பது நம் தத்துவ மரபில் மீமாம்சகர் கொள்கை. அது வெறும் சங்கேதம், இன்ன சொல்லால் இன்ன பொருளை அறிக என்று செய்துகொண்ட ஏற்பாடு என்பது நையாயிகர் கட்சி. சொல்லைக் குறித்து எழுந்த இந்த விவாதத்தை வர்ணத்துக்குப் பொருத்திப் பார்த்தால், நையாயிகரே வென்றார் என்று முதலில் தோன்றும். சிவப்பில் வீரம் சுபாவமாகவே உறைந்திருந்தால், அந்தச் சிவப்பு 1898இல் அந்நியருக்கு நன்றி சொல்லியிருக்க முடியாது. ஆனால் சங்கேதம் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா? யார் செய்துகொண்ட சங்கேதம், எத்தனை நாளைக்கு, என்ன விலை கொடுத்து என்பதல்லவா கேள்வி?

நீலத்தையே எடுத்துக்கொள்வோம். ஆதிக்கொடியின் நீலம் எது என்பதில் அந்நாட்டினர் பல காலம் சச்சரவிட்டிருக்கிறார்கள். 1985இல் வெளிர்நீலம் என்று ஆணை பிறந்தது. ஆட்சி மாறியதும் அது போயிற்று. 1998ஆம் ஆண்டுச் சட்டம் ராஜநீலத்தை நிலைநிறுத்தியது. அதே சட்டப்படி, யுத்த காலத்தில் மட்டும் கொடியைத் தலைகீழாக்கிச் சிவப்பு மேலே நிற்கும்படி பறக்கவிடலாம். துணியில் ஒரு நூல்கூட மாறுவதில்லை. மேலது கீழாகியதும் சமாதானம் போய்ச் சமரம் வந்துவிடுகிறது.

நான் சொல்ல வந்தது மணிலாவைப் பற்றியன்று. அதற்கு வடக்கே, மத்திய லூசோனின் சமவெளியில், பம்பாங்கா மாகாணத்தில் வாழும் கபம்பாங்கான் மக்களைப் பற்றி. 'பம்பாங்' என்றால் அவர்கள் பாஷையில் ஆற்றங்கரை, ஆகவே கரையோரத்தார். சிவப்புக்கு 'மலுது', வெள்ளைக்கு 'மபுதி', கறுப்புக்கு 'மதுலிங்' என்று சொந்தப் பெயர் வைத்திருக்கும் அவர்கள், நீலத்தை ஸ்பானியச் சொல்லைக் கொண்டு 'அசுல்' என்கிறார்கள். வர்ணங்களோடு அவர்கள் பழகும் விதத்தைக் காண வேண்டுமானால், டிசம்பர் மாதத்தில் சான் பெர்னாண்டோ நகரத்துக்குப் போக வேண்டும். கிறிஸ்து பிறப்பை ஒட்டி அங்கே நடக்கும் ராட்சத விளக்குப் போட்டியில், இருபது அடி உயர நட்சத்திரங்களில் ஆயிரக்கணக்கான பல்புகள் இதழிதழாக விரிந்து, சுருங்கி, நிறம் மாறி, வாத்திய இசைக்கு இசைய ஆடும். முன்னால் நிற்பவர்கள் மெய்ம்மறந்து பார்ப்பார்கள். எனக்கோ பின்பக்கத்தில்தான் விசேஷம் தெரிகிறது. அங்கே இரும்புப் பீப்பாய் ஒன்றை ஓர் ஆள் கையால் சுழற்றுகிறார். பீப்பாயின்மேல் வரிசை வரிசையாகக் கொண்டை ஊசிகள் உரசி நிற்கின்றன. ஊசி ஒவ்வொன்றிலிருந்தும் விளக்குக்கு ஒரு கம்பி போகிறது. இரும்பைத் தொட்ட ஊசியின் விளக்கு எரியும். பீப்பாயில் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கும் இடத்துக்கு ஊசி வந்ததும் மின்சாரம் தடைப்பட்டு அணையும். எங்கே ஒட்டுவது, எவ்வளவு நீளத்துக்கு ஒட்டுவது என்பதில்தான் அந்த வித்தை முழுவதும் இருக்கிறது. ஒட்டியவர் கையை அறியாமல் நாம் வர்ணத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கிறோம்.

கொடிக்கு மீள்வோம். வெள்ளை முக்கோணத்தின் நடுவில் பொன்னிறச் சூரியன். அதற்கு எட்டுக் கதிர்கள். ஸ்பானிய ஆட்சியை எதிர்த்து முதலில் கிளர்ந்த எட்டு மாகாணங்களை அவை குறிக்கும் என்பார்கள். எட்டும் எவை என்பதில் பேதம் உண்டு: 1896 ஆகஸ்டில் ராணுவச் சட்டம் விதித்த ஸ்பானிய ஆணையில் தார்லாக் இருக்கிறது, பிரகடனத்திலோ அதற்குப் பதிலாகப் பட்டான் இருக்கிறது. பம்பாங்கா இரண்டிலும் உண்டு.

அந்தச் சூரியனைக் காணும் கபம்பாங்கானுக்கு, எந்தப் பிரகடனமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வரக்கூடும். சமவெளியின் நடுவே தன்னந்தனியாய் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலாக எழுந்து நிற்கும் அராயாத் மலையில், சூரியதேவனாகிய ஆபுங் சினுக்வான் வாழ்கிறான் என்பது அவர்கள் முன்னோர் கதை. 'எல்லாரும் சரணடைந்தவன்' என்பது அப்பெயரின் பொருள். மேற்கே பினாதுபோ மலையில் சந்திரதேவன் மல்யாரி இருக்கிறான். 1991 ஜூனில் பினாதுபோ வெடித்து மாகாணமெங்கும் சாம்பலைக் கொட்டியபோது, அம்மலையின் ஆதிவாசிகளான ஆயெத்தா மக்களில் பலர் அதைத் தங்கள் தெய்வத்தின் கோபமாகவே கண்டார்கள். சூரியனுக்கும் பகலுக்கும் கபம்பாங்கான் பாஷையில் 'அல்தோ' என்ற ஒரே சொல்தான். அந்தச் சொல்லை நாளெல்லாம் வாயில் வைத்திருப்பவனுக்குக் கொடியிலுள்ள சூரியனின் பொருளைச் சட்டசபை கூடியா சொல்லித்தர வேண்டும்?

நமக்கு வியப்பளிக்கும் ஒரு செய்தியை இங்கே சொல்லிவைக்கலாம். அவர்கள் பாஷையில் விதிக்குக் 'கல்மா', மந்திரத்துக்கு 'மந்தாலா', கிரகணத்துக்கு 'லாவு' என்று பெயர். கர்மமும் மந்திரமும் ராகுவும் கடல் கடந்து அடைந்த உருவங்கள் இவை. மணிலாவுக்கு அருகே லகுனாவில் கிடைத்த செப்பேடு ஒன்று, சக ஆண்டு 822, வைசாக மாதம், கிருஷ்ணபட்சச் சதுர்த்தி, சோமவாரம் என்று நம் பஞ்சாங்கம்போலவே நாள் குறிக்கிறது. கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் அது 900. இதற்காக நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மலாயும் ஜாவாவும் கைமாற்றிக் கொடுத்தவற்றை அவர்கள் தங்கள் நாவுக்கு இசையத் திருத்திக்கொண்டார்கள். திருத்தியபின் அவை அவர்களுடையவையே.

கொடியில் பம்பாங்காவுக்குரிய அந்த ஒரு கதிரில் ஒரு நெருடல் உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரை வெறும் ஸ்தோத்திரமாகிவிடும். பம்பாங்காவில் மகபேபே என்றோர் ஊர். 1571இல் ஸ்பானியருக்குப் பணிய மறுத்து மணிலாக் கடலில் போரிட்டு மாண்ட இளந்தலைவன் அவ்வூரான். 1901 மார்ச் 23ஆம் தேதி அமெரிக்கத் தளபதி பன்ஸ்டன், பலானான் என்னும் தொலைதூரக் கிராமத்தில் அகினால்டோவைச் சூதாகச் சிறைப்பிடித்தபோது, அவரது குடியரசின் சேனைபோல் வேஷமிட்டு அவனுடன் சென்ற எண்பதுபேர் அளவிலான வீரர்களும் அவ்வூராரே. கவித் வீட்டில் கொடியை விரிக்கச் செய்தவரை, அக்கொடியில் கதிர் பெற்ற மண்ணின் மைந்தரே பிடித்துக் கொடுத்தார்கள். அயலார் அந்த மக்களை 'நாயின் ரத்தம்' என்று ஏசும் வசைமொழியும் இதையொட்டி வழங்குகிறது.

ஒரு மாகாணத்தின் கதிர் அதன் மக்கள் செய்த நன்மைக்குக் கொடுத்த சன்மானமானால், 1901க்குப் பிறகு பம்பாங்காவின் கதிரைச் சற்றே குறைத்திருக்க வேண்டும். அப்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. நடுவே அகலமான ஒரு கீற்றும் இருபுறமும் அதில் பாதி அகலமுள்ள இரு கீற்றுகளுமாக, எட்டுக் கதிர்களுக்கும் கொடிக்கான அரசாணை ஒரே அளவைத்தான் விதித்திருக்கிறது.